பம்ப் சத்தம் அடங்க வேண்டும்

சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். அது எஸ்.யூ. என்ற மின்சாரப் பெட்ரோல் பம்ப். இரண்டு கார்புரேட்டர்களும் நிரம்பும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். நிரம்பியதும் வேகம் குறைந்து, கடைசியாக ஒரு டிக் சொல்லிவிட்டு அடங்கிவிடும். அது அடங்கிய பிறகுதான் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க வேண்டும். எம்.ஜி. டி.சி. என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரில் நான் கற்ற முதல் பாடம் இதுதான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். இடைப்பட்ட காலத்தில் பந்தய உலகமே மாறிவிட்டது. அந்த டிக் டிக் மட்டும் மாறவில்லை.

1970களின் பிற்பகுதி. டிப்ளமோ முடித்துவிட்டு, புதுப்பேட்டைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பட்டறையை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் பாய் என்போம். பெரிய படிப்பு இல்லாதவர். ஆனால் லேத்தில் ஒரு பித்தளைப் புஷ்ஷைக் கடைந்து எடுத்தாரென்றால், அதை அளந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. நீலகிரியில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் தன் எம்.ஜி.யை அவரிடம்தான் விடுவார். வேறு யார் தொட்டாலும் அவருக்குப் பிடிக்காது.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் இருந்த எம்.ஜி. தொழிற்சாலையில், போர் முடிந்த 1945 முதல் 1949 வரை டி.சி. வகை வண்டிகள் சுமார் 10,000 செய்தார்கள். எங்களிடம் வந்தது 1948இல் செய்தது. 1250 சி.சி. எஞ்சின், 54 குதிரைத் திறன். உடம்புச் சட்டம் மரம், அதன்மேல் தகடு. சைக்கிள் சக்கரம்போலக் கம்பி வைத்த 19 அங்குலச் சக்கரங்கள். கதவு இடுப்பளவுதான், முழங்கை வெளியேதான் கிடக்கும். முன்கண்ணாடியை முன்பக்கமாக மடித்துப் படுக்கவைத்துவிடலாம். ஓட்டுபவருக்கு நேரெதிரே இருப்பது எஞ்சின் சுற்றுகளைக் காட்டும் மீட்டர். வேகம் காட்டும் மீட்டர் அடுத்த இருக்கைக்கு எதிரே இருக்கும். எத்தனை வேகத்தில் போகிறோம் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். பந்தயத்தில் அந்த இருக்கை காலியாக இருக்கும்.

அன்று நம் சாலைகளில் அம்பாசடர், பத்மினி, சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இவற்றை விட்டால் கார் கிடையாது. வெளிநாட்டு உதிரிப்பாகம் வேண்டுமென்றால் இறக்குமதி உரிமம் வேண்டும். எம்.ஜி.க்கு 19 அங்குல டயர் எந்தக் கடையிலும் கிடைக்காது. எஞ்சினின் முதுகெலும்பான கிராங்க் தண்டு உடைந்தால் வண்டி கொட்டகைக்குப் போக வேண்டியதுதான், திரும்பி வராது. எனவே எதையும் உடையவிடக் கூடாது. பாயின் பட்டறையில் வேலை என்றால் அதுதான் வேலை.

அந்த வேலைக்கு அவர் வைத்திருந்த கருவிகளில் முக்கியமானது ஒன்றரை அடி ரப்பர் குழாய். எம்.ஜி.யில் கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் எஞ்சின் சீராக ஓடும். பாய் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொள்வார். மறு முனையை முதல் கார்புரேட்டரின் வாயில் காட்டுவார், பிறகு இரண்டாவதில். காற்று உள்ளே போகும்போது ஸ்ஸ் என்று ஒலிக்கும். ஒன்றில் ஒலி கனத்தும் மற்றதில் மெலிந்தும் இருந்தால் திருகைக் கால் சுற்று திருப்புவார். மறுபடி கேட்பார். முதல் மாதம் எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. மூன்றாம் மாதம் ஒருநாள், "பாய், பின்னாடி இருக்கிறது கொஞ்சம் கம்மியா இழுக்குதுங்க" என்றேன். அவர் குழாயை வாங்கிக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். எனக்குப் பட்டம் கிடைத்தது டிப்ளமோ கல்லூரியில் அல்ல, அந்த நிமிடத்தில்தான்.

சோழவரம் பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது எஸ்டேட்காரருக்குத் தோள்பட்டையில் அடிபட்டுவிட்டது. அவர் பட்டறைக்கு வந்து, "எஞ்சினை ஓட்டிப் பழக்கினது இந்தத் தம்பிதானே. அவரே ஓட்டட்டும்" என்றார். நான் பாயைப் பார்த்தேன். பாய் என் கால் செருப்பைப் பார்த்து, "முதல்ல ஒரு நல்ல ஷூ வாங்கு" என்றார்.

சோழவரம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஏரி மட்டுமே நினைவுக்கு வரும். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று அங்கே இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையைத்தான் பந்தயத் தடமாக்கியது. பிப்ரவரி வந்துவிட்டால் சென்னைக்கு அது திருவிழா. பஸ்ஸிலும் லாரியிலும் சைக்கிளிலும் கூட்டம் வரும். பரோடாவிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்தில், கோயமுத்தூர் பட்டறைகளில் தாமே வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களும் நிற்பார்கள். ஃபார்முலா மாருதி என்ற பந்தய வண்டி வகையை உருவாக்கிய கரிவரதன் பேர் வாங்கியது இங்கேதான். விஜய் மல்லையா பிற்பாடு என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதும் இங்கேதான்.

எங்களுடையது பெரிய பந்தயம் அல்ல. பழைய வண்டிகளுக்கு என்று ஐந்து சுற்று. என் தலையில் காதுவரை வந்து நின்ற ஒரு பழைய ஹெல்மெட், அதுவும் இரவல். பருத்திச் சட்டை, பாயின் சொல்படி வாங்கிய புது ஷூ. இருக்கைப் பட்டை கிடையாது. வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு கிடையாது. கவிழும்போது வெளியே தூக்கி எறியப்படுவதே நல்லது என்று அனுபவஸ்தர்களே அன்று சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். தடத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே வைக்கோல் கட்டுகளும் கயிறும்தான் இருந்தன.

கிளம்பும் முன் பாய் கதவோரம் குனிந்தார். "கண்ணு ரோட்டுல இருக்கட்டும், காது பானெட்டுக்குள்ள இருக்கட்டும். முள்ளையே பாத்துக்கிட்டு இருக்காத. சத்தம் மாறுச்சுன்னா காலை எடுத்துடு. ஏன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

டி.சி.யின் ஹேண்ட்பிரேக் தலைகீழ். மற்ற வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் பிரேக் விடும். இதில் பொத்தானை அழுத்தினால்தான் பிடித்து நிற்கும். லேசாக மேலே இழுத்து விட்டால் தானாகவே கீழே விழுந்துவிடும். கொடி அசைந்ததும் அதைத் தட்டிவிட்டேன். பக்கத்து வரிசை ஹெரால்ட் முன்னால் பாய்ந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது. மடித்துவிட்ட கண்ணாடிக்கு மேலே காற்று முகத்தில் அறைந்தது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தும் நீர் வந்தது. கம்பிச் சக்கரங்கள் ஓடுபாதையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் ஸ்டீயரிங் வழியாகக் கைக்குச் சொல்லிக்கொண்டே வந்தன. அந்த ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தால் வண்டி நெளியும். விரல்களுக்குள் கொஞ்சம் ஆட இடம் கொடுத்தால் நேராகப் போகும். பயந்தவன் கைக்கு அது அடங்காது.

நீண்ட நேர்கோட்டில் டாப் கியரில் சுற்று மீட்டரின் முள் 4,500ஐத் தொட்டது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். இன்று நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவர்களும் தொடுகிற வேகம்தான். ஆனால் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கதவு இல்லாததுபோன்ற கதவுக்குப் பக்கத்தில், திருப்பத்தில் வைக்கோல் கட்டு நம்மை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டு போன அந்த 110 வேறு.

டி.சி.யில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சூடேறினால் பிடிமானம் குறையும். இரண்டாம் சுற்றில் மிதித்த இடத்தில் மூன்றாம் சுற்றில் மிதித்தால் வண்டி நிற்காது. இருபது கஜம் முன்னதாகவே மிதிக்க வேண்டும். கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்தேன். கிளச்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளச். அந்தத் திருப்பத்தில் ஹெரால்ட் அகலமாகப் போக, உள்பக்கமாக நுழைந்து முந்தினேன். அந்த ஒரு நொடியின் மகிழ்ச்சியை இன்றும் சொல்லத் தெரியவில்லை. வயிற்றுக்குள் ஒரு குழந்தை துள்ளியதுபோல இருந்தது.

நான்காம் சுற்று. எனக்கு முன்னால் இரண்டே வண்டிகள். நேர்கோட்டின் நடுவில், எஞ்சினின் ஒரே சீரான முழக்கத்துக்குள் வேறு ஒன்று கேட்டது. சன்னமான தட்டல், தகரத்தில் நகத்தால் தட்டுகிற மாதிரி. காற்றின் இரைச்சலில் அது காதில் விழுந்திருக்கவே கூடாது. மூன்று மாதம் ரப்பர் குழாயோடு நின்ற காதில் விழுந்தது. காலை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் ஆயில் அழுத்த மீட்டரைப் பார்த்தேன். முள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சாவியை அணைத்து, ஓரமாக உருண்டு, வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஹெரால்ட் கடந்து போனது. பின்னால் வந்த எல்லாமே கடந்து போயின. என் முதல் பந்தயம் ஒரு சுற்று மீதி இருக்கும்போதே முடிந்தது.

பாய் ஓடி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் பானெட்டைத் திறந்தார். எஞ்சினுக்கு வெளியே போகும் ஆயில் குழாயின் மூட்டு தளர்ந்து, எண்ணெய் முழுவதும் பக்கவாட்டில் வழிந்திருந்தது. எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். எஸ்டேட்காரர் மெல்ல நடந்து வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு சுற்று போயிருந்தா?" என்று கேட்டார். "கிராங்க் போயிருக்கும்யா" என்றார் பாய். எஸ்டேட்காரர் அடிபடாத கையால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று கோப்பை வாங்கியவர் யார் என்பது எனக்கு நினைவில்லை. அந்தக் கைகுலுக்கல் நினைவிருக்கிறது.

கடந்த ஆண்டு அதே வண்டியை, அதே எஞ்சினோடு, அதே கிராங்க்கோடு, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோனேன். எஸ்டேட்காரரின் குடும்பம் இன்றும் அதை என் பொறுப்பில்தான் விட்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் திறந்தது. சோழவரத்தின் காலம் அதோடு முடிந்தது. 3.7 கிலோமீட்டர் நீளம், பந்தயத்துக்கென்றே போட்ட தார்ப்பரப்பு, வண்டி தடம் மாறினால் வேகம் தணிய ஓரங்களில் அகன்ற வெளி. சோழவரத்தில் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் இங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டார்கள். கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் அதே ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். 2024இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி, ஊர்ச் சாலையிலேயே, இரவு விளக்கில் ஃபார்முலா 4 ஓடியது.

அந்தக் காலம் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தீப்பிடிக்காத உடை, தலையோடு கழுத்தையும் காக்கும் கவசம், உடம்பைக் கட்டிப்பிடிக்கும் பட்டை, இரும்பு வளைவு, தயாராக நிற்கும் மருத்துவ வண்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் கொடியோடு மார்ஷல். இருங்காட்டுக்கோட்டையில் இவை இல்லாமல் வண்டியைத் தடத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அது சரி. நாங்கள் பிழைத்தது துணிச்சலால் அல்ல, அதிர்ஷ்டத்தால். அதிர்ஷ்டத்தை நம்பிப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. எங்கள் எம்.ஜி.க்கும் இரும்பு வளைவும் பட்டையும் பொருத்தினோம். பழைய அழகு கெடுகிறது என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு வருத்தமில்லை.

உதிரிப்பாகத்தின் கதையும் மாறிவிட்டது. டி.சி.க்கு இன்று இங்கிலாந்திலிருந்து டயர் வரும், கேஸ்கெட் வரும், புதிதாகக் கடைந்த கிராங்க்கே வரும். சுங்க வரி கட்டினால் வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறார்கள். இதற்காக நான் நன்றி சொல்கிறேன். கொட்டகையில் செத்துக் கிடந்த எத்தனையோ வண்டிகள் இதனால் எழுந்து ஓடுகின்றன. ஆனால் கிராங்க் கிடைக்காது என்ற அச்சம்தான் எங்கள் காதைப் பழக்கியது என்பதும் உண்மை. எல்லாம் கிடைக்கிற காலத்தில் அந்தக் காதை யார் பழக்குவது? பட்டறையில் வேலை பழக வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கணினியை மாட்டி, பிழை எண்ணைப் படித்து, இரண்டு நிமிடத்தில் கோளாறைச் சொல்வார்கள். 1948 வண்டியில் கணினியை மாட்ட இடமில்லை. அது சத்தத்தில்தான் சொல்லும், வாசனையில் சொல்லும், ஸ்டீயரிங்கின் நடுக்கத்தில் சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாய் போய் இருபது வருஷமாகிறது.

அன்று காலை இருங்காட்டுக்கோட்டையில் என்னோடு வந்தது, எங்கள் பட்டறையில் ஒரு வருடமாக வேலை பழகும் பெண். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவர். பழைய வண்டிகள் தடத்துக்குப் போக இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் உடை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் சாவியைத் திருப்பினார். டிக் டிக் டிக். நான் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வண்டிகளின் உறுமல் வேறு. அவர் சாவியை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், பம்ப் அடங்கவே இல்ல சார். எங்கியோ ஒழுகுது."

பானெட்டைத் திறந்தோம். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் வளையும் குழாய், மேலே பார்க்கப் புத்தம்புதியது. அடிப்பக்கம் விரலால் தொட்டால் வெல்லப்பாகுபோலக் குழைந்தது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய வகை ரப்பரையும் கார்க்கையும் அது மெல்லத் தின்றுவிடும். கார்புரேட்டருக்குள் இருந்த கார்க் வளையங்களை எல்லாம் நான் மாற்றியிருந்தேன். இந்த ஒரு குழாயை விட்டுவிட்டேன். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று அது எஞ்சின்மேல் விழுந்துகொண்டிருந்தது. எஞ்சின் குளிர்ந்திருந்ததால் பெட்ரோல் வாசனையோடு போயிற்று. இரண்டு சுற்று ஓடிச் சூடேறிய பிறகு விழுந்திருந்தால் தீ. தீப்பிடிக்காத உடையும் மருத்துவ வண்டியும் அதற்குப் பிறகு வருகிற காவல். முதல் காவல் அந்தப் பெண்ணின் காது.

எத்தனாலைத் தாங்கும் குழாய் பெட்டியில் இருந்தது. இருபது நிமிடத்தில் மாற்றினார். மறுபடி சாவி. டிக் டிக் டிக், டிக், டிக். அடங்கியது. நாங்கள் இருவரும் சில நொடிகள் ஒன்றும் பேசாமல் நின்றோம். பிறகு நான் தடத்துக்குப் போனேன். ஐந்து சுற்றும் முடித்தேன். இறங்கியதும் அவர் கைப்பேசியைக் காட்டினார்: அதிகபட்ச வேகம் மணிக்கு 96 கிலோமீட்டர், ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம், எந்தத் திருப்பத்தில் எவ்வளவு வேகம், எல்லாமே இருந்தன. சோழவரத்தில் நான் ஒருநாளும் பார்க்க முடியாத கணக்கு அது. நன்றாகத்தான் இருந்தது. சேமித்து வைக்கச் சொன்னேன். அடுத்த முறை வண்டியை ஓட்டப்போவது அவர்தான். அந்தக் கணக்கு அவருக்குப் பயன்படும்.

இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டுக் கொட்டகையில் தாத்தா ஓட்டிய ஹெரால்டோ, ஃபியட்டோ, அம்பாசடரோ தார்ப்பாயின் கீழே இருக்கலாம். அதை விற்றுவிடாதீர்கள், மினுக்கிக் கண்காட்சியில் நிறுத்துவதோடும் விட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரில் இன்னும் இருக்கும் ஒரு பழைய மெக்கானிக்கை அழைத்து வாருங்கள். ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது கிளப்பி ஓட்டுங்கள். கிளப்பும்போது, வேலை பழக விருப்பமுள்ள ஒரு பிள்ளையை அந்த மெக்கானிக்கின் பக்கத்தில் நிறுத்துங்கள். என்ன கேட்டது என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். முதல் மாதம் பதில் வராது. மூன்றாம் மாதம் வரும்.